என் பெயரில் உள்ளே போனவர்கள்

அந்தச் சாஃப்ட்வேர் எங்கே இருக்கிறது என்று எங்கள் முதலாளி கடைசிவரை கேட்டுக்கொண்டேதான் இருந்தார். எனக்கும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும் என்று அவர் நம்பினார், அந்த நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை. இரண்டாயிரங்களின் கடைசியில் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பையருக்கும் இங்கே தைக்கிறவர்களுக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்குச் சம்பளம் தருவார்களே, அந்த வேலை. பையர் கேட்பதை இங்கே தமிழில் கத்த வேண்டும். இங்கே நடக்காததை அங்கே இங்கிலீஷில் பணிவாக எழுத வேண்டும்.

ஒருநாள் பையரிடமிருந்து மெயில் வந்தது. ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று இனிமேல் தினமும் எழுத வேண்டாம். இன்டர்நெட்டில் ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. சப்ளையர்கள் எல்லோரும் மாதச் சந்தா கட்டி அதில் சேர வேண்டும். நூல் வருவதிலிருந்து பெட்டி கட்டுவது வரைக்கும் எல்லாவற்றையும் அதிலேயே போட வேண்டும். அவர் தன் ஊரில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொள்வார். சேராதவர்களுக்கு அடுத்த சீசன் ஆர்டர் இல்லை என்பதையும் அழகான இங்கிலீஷில் கடைசி வரியில் சொல்லியிருந்தார்.

அதில் எங்களைச் சேர்த்துவிடக் கோயமுத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். கையை வீசிக்கொண்டு வந்தார். அதுதான் முதலாளிக்கு முதலில் இடித்தது. அதற்கு முன்பு கணக்குப் பார்க்கிற சாஃப்ட்வேர் வாங்கியபோது அட்டைப்பெட்டி வந்தது, உள்ளே சிடி இருந்தது, அந்தப் பெட்டியை இன்னும் பீரோ மேல் பத்திரமாக வைத்திருந்தார்.

"பெட்டி எங்கீங்க?" என்று முதலாளி கேட்டார்.

"பெட்டி இல்லீங்க சார். எல்லாம் நெட்ல இருக்குதுங்க. மாசாமாசம் கட்டோணும், அவ்வளவுதானுங்க."

"கட்டாட்டி?"

"நின்னுருமுங்க சார்."

"அப்ப வாங்கறதில்லீங்க இது. வாடகைக்குக் குடியிருக்கறோம்."

"அப்படியும் சொல்லலாமுங்க."

தன் வாழ்நாளில் யாருக்கும் வாடகை கொடுத்திராத மனுஷர் அவர். வாங்கித்தான் பழக்கம். முகம் சுண்டிப்போனது. நெட்டில் என்றால் எந்த ஊரில் என்று கேட்டார். வந்தவர் ஏதோ மேகம் என்றார், அமெரிக்கா என்றார், அப்புறம் அதுவும் நிச்சயமில்லை என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் எல்லாம் தெரிந்தவள்போலத் தலையாட்டினேன்.

அடுத்ததுதான் முக்கியமான கேள்வி. "எத்தனை பேருங்க சார் யூஸ் பண்ணுவீங்க? ஆளுக்கு இவ்வளவுன்னு சந்தாங்க."

"ஒருத்தருங்க" என்றார் முதலாளி, கண்ணை இமைக்காமல்.

நான் திரும்பிப் பார்த்தேன். நிட்டிங்குக்கு ஒருவர், கட்டிங்குக்கு ஒருவர், பேக்கிங்குக்கு ஒருவர், முதலாளி, முதலாளியின் மச்சான், நான் என்று எப்படிக் குறைத்தாலும் அரை டஜன் பேர் தொட வேண்டிய சாஃப்ட்வேர் அது. வந்தவர் போன பிறகு கேட்டேன். முதலாளி பொறுமையாக எனக்கு விளக்கினார்.

"ஊட்டுக்கு ஒரு ரேஷன் கார்டுதானுங்க அம்மிணி? அதுல போட்டோ ஒருத்தருது. சோறு எல்லாருந்தான திங்கறோம்?"

நான் விண்ணப்பத்தில் ஒருத்தர் என்று எழுதினேன்.

அந்த ஒருத்தர் யார் என்பதில்தான் சிக்கல். பெயர் யாருடையதோ, தப்பு வந்தால் பையர் அவரைத்தான் கேட்பார். முதலாளி தன் மச்சானைப் பார்த்தார். மச்சான் ஃபேனைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "அம்மிணி பேர்லயே போட்டுருங்க. பையருக்கு அம்மிணியத்தான் தெரியும்" என்றார் முதலாளி. எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. என் பெயர் இல்லாமல் இந்தக் கம்பெனியில் ஒரு பித்தான்கூட நகராது என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பெயரைப் பதிய வைத்தேன். பாஸ்வேர்டு, முதலாளி கும்பிடுகிற மலையின் பெயரும் அவர் கார் நம்பரும். மறந்துவிடக் கூடாதென்று அதை ஒரு டேப்பில் எழுதி எல்லா கம்ப்யூட்டரின் நெற்றியிலும் ஒட்டினார்கள். நல்ல நேரம் பார்த்து, அனுப்பர்பாளையத்தில் வாங்கிய பித்தளைக் குத்துவிளக்கை மானிட்டருக்கு முன்னால் ஏற்றி, சூடம் காட்டி ஆரம்பித்தோம். விபூதியை மானிட்டரில் வைப்பதா, நெட் வருகிற பெட்டியில் வைப்பதா என்று கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. இரண்டிலும் வைத்தார்கள்.

இந்த மச்சானைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவருக்கு முதலிபாளையத்தில் ஒரு யூனிட் இருந்தது. எங்களால் முடியாத வேலை அங்கே போகும், தைத்து முடித்து இங்கே வந்து எங்கள் பெட்டிக்குள் ஏறும். துணி எங்கெங்கே தைக்கப்படுகிறதோ அத்தனை இடத்தையும் பையரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். முதலிபாளையத்தைச் சொல்லவில்லை. அங்கே ராத்திரி ஷிப்ட் உண்டு. விடியற்காலையில் ஷிப்ட் முடித்துப் போகிற சூப்பர்வைசர், தைத்து முடித்ததை என் பெயரில் உள்ளே போய்ப் போட்டுவிட்டுப் போவார். பகலில் நான். சாயங்காலம் பேக்கிங் கிளார்க். சாப்பிட்டுவிட்டு வீட்டிலிருந்து மச்சான். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்வந்து முதலாளியே நேரில். எல்லோரும் நான்.

காலையில் வந்து அதைத் திறந்தால், கடைசியாக நடந்த வேலைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்தவர் பெயர் இருக்கும். மேலிருந்து கீழே வரைக்கும் என் பெயர்தான். முதல் சில வாரம் சிரிப்பாக இருந்தது. அப்புறம் தலை சுற்ற ஆரம்பித்தது. கழுத்துப் பட்டி சரியில்லை என்று நான் திருப்பி அனுப்பிய ஒரு பனியன் மாடலுக்கு ஓகே போட்டிருந்தது. பேக்கிங் கிளார்க்கிடம் போய், "இது யார் போட்டது?" என்று கேட்டேன்.

"நீங்கதானுங்கக்கா போட்டிருக்கீங்க."

"நான் போடலை."

"பேரு இருக்குதுங்களே" என்று அவர் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. அவருக்கே அவர் போட்டதா நான் போட்டதா என்று மறந்திருந்தது. நான் என் இடத்துக்கு வந்து, ஒருவேளை நானே போட்டிருப்பேனோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் இந்த யோசனை அடிக்கடி வந்தது. ஒரு தப்பைப் பார்த்தால் இது நான் செய்த தப்பா, நானாக இருந்த யாரோ செய்த தப்பா என்று தெரியாமல், எல்லாவற்றுக்கும் நானே மன்னிப்புக் கேட்டு மெயில் போட்டேன்.

மூட்டுவலிக் காய்ச்சல் ஊரெல்லாம் வந்தபோது எனக்கும் வந்து, கொஞ்ச நாள் எழுந்திரிக்க முடியாமல் கிடந்தேன். திரும்பி வந்து பார்த்தால், அந்த நாட்களில்தான் நான் மற்ற நாட்களைவிட அதிகமாக வேலை செய்திருக்கிறேன். முதலாளி என்னைப் பார்த்து, "லீவுங்களா அம்மிணி? வேலையெல்லாம் ஆயிருந்துச்சுங்களே" என்றார். வேலை நிற்கவில்லையே என்று ஒரு பக்கம் நிம்மதி. நான் இல்லாததே தெரியவில்லையே என்று ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். கிறிஸ்துமஸ் அன்று நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மாதா கோயிலில் முதல் வரிசையில் இருந்தேன். அன்றைக்கும் வேலை செய்திருக்கிறாள் இந்தப் பாவி.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வீட்டுக்காரர் ஒரு காம்பாக்டிங் மில்லில் இருந்தார், பின்னலாடைத் துணியைச் சுருங்காமல் அழுத்திக் கொடுக்கிற மில். ஆர்டர் குறைந்து அந்த மில் ஒருநாள் ஓடும், ஒருநாள் படுக்கும், கடைசியில் மூடியேவிட்டார்கள். என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. அவர் தினமும் வேலை தேடி அலைந்தார். மகள் யூகேஜி. பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கி எங்கள் லைன் வீட்டில் அடுத்த கதவுக்குப் போய்விடுவாள். அங்கே இருந்த பெரியம்மா இந்த ஊர்க்காரர், நல்ல மனுஷி. சாப்பாடு, வீட்டுப்பாடம் எல்லாம் அங்கேதான். நான் என்னமோ ஒழுங்காக நேரத்துக்கு வீடு திரும்புகிற ஆள் என்றுதான் என் நினைப்பு. நாங்கள் கடையைக் கட்டுகிற நேரத்தில்தான் பையர் ஊரில் வேலை சூடுபிடிக்கும், அதனால் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். கரண்ட் போகிற நாளில் ஜெனரேட்டர் தையல் மெஷின்களுக்கு மட்டும்தான் ஓடும், ஆபீஸுக்கு ஓடாது. அந்த நாட்களில் சீக்கிரமே கிளம்பிவிடுவேன்.

இப்படி இருக்கும்போது ஆடிட் வந்தது. துணியைப் பார்க்கிற ஆடிட் இல்லை. வேலை செய்கிறவர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா, அதிக நேரம் வேலை வாங்குகிறார்களா, வார லீவு உண்டா என்று பையர் சார்பில் ஆள் வந்து பார்க்கிற ஆடிட். அதில் தோற்றால் ஆர்டர் போய்விடும். ஆர்டர் போனால் எங்கள் கம்பெனியில் முதலில் வேண்டாத ஆள் மெர்ச்சண்டைசர்தான்.

ஆடிட்டுக்கு முந்தின நாள் எங்கள் கம்பெனி திருவிழாவுக்குத் தயாராகிறமாதிரி இருக்கும். தீயணைக்கிற வாளியில் புது மணல் வரும். மருந்துப் பெட்டியில் மருந்து வரும். ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கிற குழந்தைகள் அறையைத் திறந்து, பொம்மைகளின் பாலிதீன் உறையைக் கழற்றுவார்கள். அறை இருந்தால் போதாது, குழந்தைகள் வேண்டுமே. "நாளைக்குப் பாப்பாவக் கூட்டிட்டு வந்துருங்க அம்மிணி" என்று சின்னக் குழந்தை இருக்கிற எல்லோரிடமும் முதலாளி சொல்லிக்கொண்டு போவார். சாயங்காலம் எல்லோரையும் நிற்கவைத்து ஒத்திகை. "காலைல எத்தனை மணிக்குங்க வர்றீங்க?" "எட்டரைக்குங்க." "எப்பங்க போறீங்க?" "அஞ்சரைக்குங்க." டைலர்கள் பாட்டு மாதிரி சொல்வார்கள். அந்த வாரம் அவர்களில் பாதிப் பேர் ஒன்றரை ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மத்தியானமே ஒரு மெயில் வந்திருந்தது. ஆடிட்டர் சாஃப்ட்வேரில் யார் எப்போது உள்ளே போனார்கள் என்ற விவரத்தையும் பார்ப்பார் என்று. பையர் ஆபீஸிலேயே எடுத்துக் கொடுத்துவிட்டார்களாம். பதறிப்போய் முதலாளியிடம் ஓடினேன்.

"அதுல என்னங்க இருக்குது?" என்றார்.

"என் பேரு இருக்குதுங்க. எல்லா நேரத்துலயும்."

"ஒரே பேருதானுங்க? அப்ப நல்லதாப் போச்சு. கொழப்பமே இல்லீங்களே" என்று அவர் நிம்மதியாகக் காபி குடித்தார்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். "உள்ளதச் சொல்லிர வேண்டியதுதான? எல்லாரும் என் பேர்லதான் போறாவன்னு" என்றார்.

"சொன்னா முதலிபாளையம் வெளிய வந்துரும். சொல்லாம தைக்கிற எடம். ஆர்டர் போயிரும்."

"அப்ப நாந்தான் அம்புட்டும் செஞ்சேன்னு சொல்லு."

"சொன்னா ஒரு பொம்பளைய ராத்திரியும் பகலும் வேலை வாங்குதாவன்னு எழுதிருவாவ. அதுக்கும் ஆர்டர் போயிரும்."

அவர் களைந்த தண்ணீரை வடித்தார். "ரெண்டுக்கும் போவும்னா நீ எதுக்குக் கெடந்து குழம்புத?" என்றார். கோபம் வந்தது எனக்கு. ஆனால் அவர் சொன்னதில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆடிட்டர் சென்னையிலிருந்து வந்த பெண். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். காட்டன் புடவை, கண்ணாடி, தோளில் லேப்டாப். நான் எதிர்பார்த்த மாதிரி மிரட்டுகிற ஆள் இல்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. தையல் மெஷின்களுக்கு நடுவே நடந்து, அங்கங்கே நின்று கேட்டார். எட்டரைக்குங்க, அஞ்சரைக்குங்க என்று பதில் வந்துகொண்டே இருந்தது. குழந்தைகள் அறையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் புன்னகை செய்தார். என் மகள் அங்கே ஒரு பொம்மையின் சட்டையைக் கழற்றித் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலிபாளையம் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. வாசலில் நின்ற மச்சானுக்கு வியர்வை அடங்கியது. அதற்கப்புறம் ஆடிட்டர் என்னைத் தனியாக வரச் சொன்னார்.

சாம்பிள் சட்டைகள் தொங்குகிற சின்ன அறை. அங்கிருந்தும் குழந்தைகள் அறை தெரியும். கதவைச் சாத்தினார்.

"காலைல எப்ப வருவீங்க?"

"எட்டரைக்கு மேடம்."

"கிளம்பறது?"

"அஞ்சரைக்கு."

"ஞாயிற்றுக்கிழமை?"

"லீவு மேடம்."

அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். நான் அது வரைக்கும் ஒவ்வொரு நாளாகத்தான் பார்த்திருந்தேன். மாதக்கணக்காக மொத்தமாகப் பார்த்ததில்லை. பால்காரர் வருவதற்கு முன் உள்ளே போயிருக்கிறேன். ஊர் அடங்கிய பிறகும் உள்ளே இருந்திருக்கிறேன். ஞாயிறு, பொங்கல், கிறிஸ்துமஸ், காய்ச்சலில் கிடந்த நாள், எதுவும் விட்டுப்போகவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கே அந்தப் பெண்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"பயப்படாதீங்க. நீங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டாது. எப்பதான் தூங்கறீங்க?" என்று ஆடிட்டர் கேட்டார். விசாரிக்கிற குரல் இல்லை அது. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

உள்ளதைச் சொல்வதா, நான்தான் என்று சொல்வதா. "எனக்கே கொழப்பமா இருக்கு மேடம்" என்றேன். அன்று நான் சொன்னதில் ஒத்திகை பார்க்காத வார்த்தை அது ஒன்றுதான்.

அவர் கண்ணாடிப் பக்கம் பார்த்தார். "அது உங்க பொண்ணா? முகம் அப்படியே இருக்கு." நான் பதில் சொல்வதற்குள் கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டுவிட்டார். பொம்மையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கம்பெனியில் காவல்காரர் முதல் கூட்டுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் பதில் சொல்லிக் கொடுத்திருந்தோம். இவளுக்குச் சொல்லிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

"அம்மா சாயங்காலம் எப்ப வீட்டுக்கு வருவாங்க?"

மகள் என்னைப் பார்த்தாள். "தெரியாதுங்க. நான் தூங்கிருவனுங்க."

"காலைல?"

"நான் எந்திரிக்கையில அம்மா கெளம்பிப் போயிருக்குமுங்க."

"அப்போ அம்மா எப்ப தூங்குவாங்க?"

இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. பொம்மையின் கையைத் திருகியபடி யோசித்தாள். "எங்கம்மா தூங்காதுங்க" என்றாள். அதில் குறை சொல்கிற தொனி இல்லை. மற்றக் குழந்தைகள் எங்கப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று சொல்வார்களே, அப்படிச் சொன்னாள்.

இல்லை, நான் தூங்குவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த லேப்டாப்பில் இருப்பது நான் இல்லை, அது ஒரு கூட்டம், அதற்குக் காரணம் ஒரு ரேஷன் கார்டு என்று சொல்லலாம். ஆனால் இவள் சொல்வது யாரை? இவள் சாஃப்ட்வேரைப் பார்த்துச் சொல்லவில்லை. கொஞ்சம் முன்னே பின்னே என்று நான் வைத்திருந்த கணக்கு இவளிடம் வேறு மாதிரி இருந்தது. இன்னொன்றும் அப்போதுதான் காதில் விழுந்தது. ஒரு வார்த்தைக்கு ஒரு ங்க போட்டுப் பேசுகிறாள். அது அடுத்த வீட்டுப் பெரியம்மாவின் பேச்சு. என் பேச்சு அவள் வாயில் இல்லை. நான் அழுதுவிட்டேன். நடிப்பில்லை. ஆனால் ஆர்டருக்காக அழுதேனா, அவளுக்காகவா, லேப்டாப்பில் இருந்த அந்தப் பெண்ணுக்காகவா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆடிட்டர் லேப்டாப்பை மூடிவிட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

கம்பெனி தோற்றது என்று ஆடிட்டர் எழுதவில்லை. திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்து எழுதினார். இந்த ஊழியருக்குக் கட்டாயம் வார லீவு கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பெயர் தனியாக எடுத்து வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் என் பெயரில் உள்ளே போக முடியாதபடி பூட்ட வேண்டும். ஒன்றரை ஷிப்ட் பார்த்த டைலர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்களைத்தான் எந்தச் சாஃப்ட்வேரிலும் யாரும் பதியவில்லையே. முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு ஆடிட்டரை வழியனுப்பிவிட்டு வந்து, "பாப்பா காப்பாத்திப்போட்டுது அம்மிணி" என்று அந்தப் பொம்மையை என் மகளிடமே கொடுத்துவிட்டார். ஆளுக்கொரு சந்தா என்றபோதுதான் மனுஷருக்கு வலித்தது. கோயமுத்தூர்க்காரர் மறுபடி கையை வீசிக்கொண்டு வந்தார். முதலிபாளையத்துச் சூப்பர்வைசருக்கும் ஒரு பெயர் எடுத்து, பேக்கிங் அசிஸ்டென்ட் என்று போட்டார்கள்.

பூட்டு விழுந்த முதல் நாள், பையருக்கு ஏதோ போட்டுக்கொண்டிருக்கும்போதே ஸ்கிரீன் வெளுத்தது. உங்கள் வேலை நேரம் முடிந்தது என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. பேக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் இன்னும் இருந்தது. நல்லூரில் அந்த நேரத்தில் அவ்வளவு குழந்தைகள் தெருவில் விளையாடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. பெரியம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன். மகள் தரையில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்மா, கரண்ட் போயிருச்சுங்களா?"

"இல்ல பிள்ள" என்றேன்.

அவள் நம்பவில்லை. எழுந்துபோய் ஸ்டூல் போட்டு ஏறி சுவிட்சைத் தட்டிப் பார்த்தாள். லைட் எரிந்தது. அணைத்தாள், மறுபடி போட்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். என்னைவிடக் குழம்பிப்போய் இருந்தாள்.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கு நானே சோறு ஊட்டினேன், ஒரு சில வார்த்தைகளில் எங்கள் ஊர் வாடைகூட வர ஆரம்பித்தது. அப்புறம் ஒரு ஷிப்மென்ட் நெருக்கியது. ஆறு மணிக்கு ஸ்கிரீன் வெளுத்ததும் நான் எழுந்தேன். முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். மனசில்லாமல்தான் கேட்டார், அதையும் சொல்ல வேண்டும். "பேக்கிங் கிளார்க்கு பேரு இன்னும் தொறந்துதானுங்க இருக்குது. இன்னைக்கு ஒரு நாள் அதுல போயிக்குங்க கண்ணு." பாஸ்வேர்டு அதே மலையின் பெயர், கிளார்க்கின் பைக் நம்பர். போனேன். அடுத்த நாள் மச்சான் பெயரில் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியாகவே போனேன். வீட்டுக்காரருக்கு இன்னும் வேலை அமையவில்லை. முடியாது என்று சொல்கிற இடத்தில் நான் இல்லை.

முன்பு நான் செய்யாத வேலைக்கெல்லாம் என் பெயர் இருந்தது. இப்போது நான் செய்கிற வேலைக்கு என் பெயர் இல்லை. எது மோசம் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. காலையில் திறந்து பார்த்தால் என் பெயர் ஆறு மணியோடு ஒழுங்காக நின்றிருக்கும். அதற்குக் கீழே வேறு யார் யாரோ உழைத்திருப்பார்கள். ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்ட அந்தப் பெண்ணைப் பார்க்கப் பொறாமையாக இருக்கும். மகளிடம் ங்க திரும்பி வந்துவிட்டது.

அடுத்த வருஷம் அதே ஆடிட்டர் வந்தார். மணல் மாற்றினார்கள், மருந்து வாங்கினார்கள், குழந்தைகள் அறையைத் திறந்தார்கள். அதே சாம்பிள் அறையில் என்னை உட்காரவைத்து, லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். இந்த முறை சந்தோஷமாகக் காட்டினார்.

"பார்த்தேன். ஒரு நாள்கூடத் தப்பலை. ஆறு மணிக்குக் கிளம்பிடறீங்க. ஞாயிற்றுக்கிழமை லீவு. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

அவர் உண்மையாகவே மகிழ்ந்தார். என்னால் அதைக் கெடுக்க முடியவில்லை. கெடுத்திருக்க வேண்டுமா என்று இப்போதும் யோசிக்கிறேன். "தேங்க்ஸ் மேடம்" என்றேன்.

அவர் கண்ணாடி வழியாகக் குழந்தைகளைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகத் தேடினார். "உங்க பொண்ணு வரலையா?"

முந்தின நாள் முதலாளி வழக்கம்போல எல்லோரிடமும் பாப்பாவைக் கூட்டிவரச் சொல்லிக்கொண்டே போனார். என் மேஜைக்கு வந்ததும் ஒரு நிமிஷம் நின்றார். "உங்க பாப்பா ஒண்ணாப்பு போயிருச்சில்லீங்க கண்ணு. படிப்புக் கெடக் கூடாதுங்க. அது பள்ளிக்கூடம் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஸ்கூலுக்குப் போயிருக்கா மேடம்" என்றேன்.